ஃபோனைத் தொடாமலே இரவில் சார்ஜ் இறங்குகிறது, கடையில் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள்: என்ன செய்வது?

இரவில் தொடாமல் வைத்த ஃபோனில் விடிவதற்குள் கால் பங்குக்கு மேல் சார்ஜ் இறங்கிவிடுகிறது என்றும், கடையில் காட்டினால் பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே பதிலைக் கேட்டுத் திரும்பியவன் என்பதால் எழுதுகிறேன். இரண்டு மூன்று இரவுகள் நீங்களே சோதித்துப் பார்க்கும்வரை, பேட்டரியை மாற்றவோ ஃபோனில் உள்ளவற்றை அழிக்கவோ தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

என்னுடையது அப்போது இரண்டு ஆண்டுகூட நிறையாத ஆண்ட்ராய்டு ஃபோன். இரவு பதினொரு மணிக்கு 90 சதவீதம் இருக்கும். காலை ஆறு மணிக்கு 60க்கும் கீழே வந்திருக்கும். வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் திறந்திருந்த செயலிகளையெல்லாம் விரலால் மேலே தள்ளி மூடிவிட்டு, "இப்படி அடிக்கடி க்ளியர் பண்ணுங்க சார், சரியாயிடும்" என்று கையில் கொடுத்தார். 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்தே, அசையாமல் கிடக்கும் ஃபோனில் பின்னணி வேலைகளைத் தானே அடக்கி வைக்கும் ஏற்பாடு ஆண்ட்ராய்டில் இருக்கிறது. மூடிய செயலியை மறுபடி முதலிலிருந்து திறப்பதற்குத்தான் கூடுதலாகச் செலவாகும். ஒரு வாரம் அவர் சொன்னபடி செய்தேன். ஒரு சதவீதம்கூட மிச்சமாகவில்லை.

இரண்டாம் முறை வேறொருவர் இருந்தார். ஃபேக்டரி ரீசெட், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து ஃபோனைப் புதிதுபோல ஆக்குவது, செய்தால்தான் தீரும் என்றார். "பேக்கப் இருக்கா சார்?" என்று கேட்டார், எல்லாம் என் கூகுள் கணக்கில் ஏறியிருக்கும் என்ற நம்பிக்கையில் இருக்கிறது என்றேன். மெமரி கார்டைக் கழற்றிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ரீசெட் முடிந்ததும் அதே கார்டைச் சட்டையில் துடைத்துத் திரும்பச் செருகினார். அந்தக் காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தொடர்பு எண்களும் படங்களும் திரும்பி வந்தன. அப்பாவின் சர்க்கரை அளவைப் பதினான்கு மாதங்களாக, வெறும் வயிற்றில் ஒன்றும் சாப்பிட்டபின் ஒன்றுமாக, நான் குறித்து வந்த செயலியில் மட்டும் ஒன்றுமே இல்லை. அந்தச் செயலி தன் பதிவுகளை ஃபோனுக்குள் மட்டுமே வைத்திருந்தது.

பேக்கப்பைச் சரிபார்க்காதது உன் தவறுதானே என்று சிலர் கேட்கக்கூடும். என் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால், அழித்தால் திரும்பாதவை எவை என்று அந்தத் தொழிலில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஒரே கேள்வியோடு நிறுத்தாமல், தனியாகப் பதிவு வைக்கும் செயலி எதையாவது பயன்படுத்துகிறீர்களா என்று இன்னொன்று கேட்டிருந்தால் போதும். அத்தனையும் இழந்த அந்த இரவிலும் சார்ஜ் பழையபடியே இறங்கியது.

மூன்றாம் முறை சென்றபோதுதான் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். எதை அளந்து பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு வருஷம் ஆனா இப்படித்தான் சார்" என்றார்கள். லித்தியம் அயான் பேட்டரி தேயும் என்பது உண்மை. ஐஃபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. ஆனால் தேய்ந்த பேட்டரியின் அறிகுறிகள் வேறு: பயன்படுத்தும்போது வேகமாகத் தீரும், 20 அல்லது 30 சதவீதம் காட்டும்போதே திடீரென அணைந்துபோகும். சும்மா கிடக்கும்போது மட்டும் மளமளவென்று இறங்கினால், உள்ளே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். என் ஃபோன் பகலில் ஒருமுறைகூட அணைந்ததில்லை.

அன்று இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தபோது ஃபோனைத் தொட்டுப் பார்த்தேன். திரை இருண்டிருந்தது, கேமராவுக்குக் கீழே பின்புறம் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. உறங்கும் ஃபோன் சுடாது. மறுநாள் செட்டிங்ஸில் பேட்டரி பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்தேன். அதிகம் செலவழித்தவற்றின் பட்டியலில், திரையையும் முந்தி முதல் இடத்தில், மீடியா ஸ்டோரேஜ் என்று இருந்தது; ஃபோனிலும் கார்டிலும் உள்ள படங்களையும் காணொளிகளையும் படித்துப் பட்டியலிடும் உள்பகுதி அது. இந்தப் பக்கத்தைத் திறக்க அரை நிமிடம் ஆகாது. மூன்று முறையும் ஒருவரும் திறக்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

பிறகு இரவுக்கு ஒன்றாகச் சோதித்தேன். முதல் இரவு ஏரோபிளேன் மோடில் வைத்தேன். சிக்னல் மெலிந்த அறையில் டவரைப் பிடிக்க ஃபோன் கூடுதல் சக்தியைச் செலவழிக்கும் என்பதால் அதைத்தான் முதலில் சந்தேகித்தேன். அப்படியும் 27 சதவீதம் இறங்கியது. மறு இரவு சேஃப் மோடில், அதாவது நாமாக நிறுவிய செயலிகள் எதுவும் இயங்காத நிலையில் வைத்தேன், அப்போதும் இறங்கியது. மூன்றாம் இரவு மெமரி கார்டைக் கழற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் 3 சதவீதம்தான் குறைந்திருந்தது. கார்டைக் கணினியில் போட்டு ஒவ்வொன்றாக நகலெடுத்தபோது ஒரு காணொளி மட்டும் பாதியில் நின்றது. பதிவு செய்துகொண்டிருக்கும்போதே ஃபோன் கீழே விழுந்து அணைந்த நாளில் எடுத்தது அது. அந்தச் சிதைந்த கோப்பைப் படிக்க முயன்று, முடியாமல், மறுபடி முதலிலிருந்து தொடங்குவதே இரவெல்லாம் ஃபோனின் வேலையாக இருந்திருக்கிறது. ரீசெட் என் ஃபோனைத் துடைத்தது. கோளாறு இருந்த கார்டையோ பத்திரமாகத் திரும்பச் செருகிக் கொடுத்தார்கள். மற்ற கோப்புகளை எடுத்துக்கொண்டு கார்டை ஃபார்மட் செய்தேன். அதே பேட்டரியோடு இன்னும் ஒன்றரை ஆண்டு அந்த ஃபோன் ஓடியது.

கடையில் நிற்கும் பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விற்பதற்கு இலக்கு கொடுத்து, பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்காமல் அவர்களை நிறுத்தியிருப்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். தெரியவில்லை, சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால் நன்றியோடு போயிருப்பேன்.

உங்கள் ஃபோனிலும் இதே காரணம்தான் என்று நான் சொல்லவில்லை. அண்மையில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்திருந்தால் ஓரிரு நாள் பொறுங்கள். படங்களையும் கோப்புகளையும் அது புதிதாக வகைப்படுத்தும்போது இப்படி இறங்குவது வழக்கம். திரை விளிம்பில் தூக்கிக்கொண்டிருந்தாலோ பின்மூடி உப்பியிருந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம்; அது உப்பிய பேட்டரி, தீப்பற்றக்கூடியது. சார்ஜ் போடாமல், அழுத்தாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். மற்றபடி, இன்றிரவு படுக்கும்போது சதவீதத்தைக் குறித்து வைத்துவிட்டு, காலையில் பேட்டரி பயன்பாட்டுப் பக்கத்தின் முதல் மூன்று பெயர்களை இங்கே எழுதுங்கள்.