தடை செய்யப்பட்ட சோஷலிஸ்ட் கட்சி 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் நகரங்களில் நாடாளுமன்றத் தேர்தலில் எப்படி ஜெயித்தது?

எனக்கு இந்த விஷயம் நோய்க்குறியியல் பாடத்தின் வழியாகத்தான் வந்தது. ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் என்று விர்ச்சோ பெயரில் மனப்பாடம் செய்வோமே, அந்த ருடால்ஃப் விர்ச்சோ பெர்லினில் எம்.பி.யாக இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. முற்போக்குக் கட்சி என்ற லிபரல் கட்சியை 1861இல் தொடங்கியவர்களில் ஒருவர். அப்போது பிரஷ்யாவின் பிரதமராகவும் பிறகு ஜெர்மனியின் சான்சலராகவும் இருந்த பிஸ்மார்க் 1865இல் அவரை ஆயுதத்தோடு நேருக்கு நேர் மோதும் சண்டைக்கே அழைத்திருக்கிறார்!

சரி, கேள்விக்கு வருகிறேன். 1878இல் வந்த சட்டம் சோஷலிஸ்ட் சங்கம், கூட்டம், பத்திரிகை எல்லாவற்றையும் முடக்கியது. ஆனால் தனி மனிதராகத் தேர்தலில் நிற்பதைத் தடுக்கவில்லை. சட்டத்தில் இருந்த ஓட்டை இதுதான். கட்சிப் பத்திரிகை சூரிச்சில் அச்சாகித் திருட்டுத்தனமாக உள்ளே வந்தது. உள்ளூரில் பாட்டுக் குழு, புகைபிடிப்போர் சங்கம் என்ற பெயர்களில் ஆட்கள் கூடினார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் 25 வயது நிறைந்த ஆண்களுக்கெல்லாம் ஓட்டு என்பதால் தொழிலாளர் பேட்டைகள் கைகொடுத்தன. 1881இல் சுமார் 3.12 லட்சம் ஓட்டு, 1890இல் 14.27 லட்சம். ஹாம்பர்க்கின் மூன்று தொகுதிகளும் அந்த ஆண்டு அவர்களுக்கே.

நகரத்தில் சோஷலிஸ்டுகளுக்கு நிஜமான போட்டி பிஸ்மார்க் ஆதரவாளர்களோடு என்று நினைத்தால் பாதிதான் சரி; விர்ச்சோ போன்ற லிபரல்களோடும்தான். பெர்லின் இரண்டாம் தொகுதியைப் பாருங்கள். 1881இல் அங்கே விர்ச்சோவை எதிர்த்து நின்றவர் அரண்மனைப் போதகர் ஷ்டோக்கர். யூத வெறுப்பைக் கிளப்பித் தொழிலாளர்களை இழுக்கப் பார்த்த ஆள். விர்ச்சோ ஜெயித்தார். ஆனால் 1893இல் அதே தொகுதியை அவரிடமிருந்து பறித்தது சோஷலிஸ்ட் வேட்பாளர் ரிச்சர்ட் ஃபிஷர். வலதுபக்கத்தை ஒருவாறு சமாளித்தாயிற்று, இடதுபக்கம் சரிந்துவிட்டது. என் கணிப்பில் நகர லிபரல்களின் கதையே இதுதான்.

இதில் இன்னொரு அநியாயம்: நகரம் எவ்வளவு ஊதினாலும் தொகுதி எல்லையை மாற்றவே இல்லை. 1871இல் சுமார் 8.26 லட்சம் பேர் இருந்த பெர்லினுக்கு 6 தொகுதி. 1900இல் 19 லட்சத்தை நெருங்கியபோதும் அதே 6. 1890இல் நாட்டிலேயே அதிக ஓட்டு வாங்கிய சோஷலிஸ்டுகளுக்கு 397இல் 35 இடம், அவர்களைவிடக் குறைவாக வாங்கிய கத்தோலிக்க மையக் கட்சிக்கு 106.

அப்புறம், தோற்ற விர்ச்சோ வீட்டில் உட்காரவில்லை. 1902இல் சாகும்வரை பெர்லின் நகரமன்றத்தில் இருந்தார். அந்த மன்றத் தேர்தலில் கட்டும் வரியைப் பார்த்து வாக்காளரை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள்; அதிக வரி கட்டியவர் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். அதனால் அந்த மன்றம் அவர் காலம் முழுக்க லிபரல்கள் கையைவிட்டுப் போகவில்லை.