சேலை இழுபடுவதற்குக் காரணம் கார்ட் அல்ல

கேள்வி: மருதமுனையில் எங்கள் குடும்பத் தறியில் நெய்யும் சேலைகளை விளம்பரப்படுத்த பிளெண்டர் என்ற கணினி மென்பொருளில் அனிமேஷன் செய்கிறேன். பொம்மை நடந்தால் சேலை றப்பர் போல நீள்கிறது, கொசுவம் காலுக்குள் புகுந்துவிடுகிறது. கிராபிக்ஸ் கார்ட் மாற்றினால் சரியாகும், தவணைக்குத் தருகிறேன் என்கிறார் கல்முனைக் கடைக்காரர் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. பிளெண்டரில் துணியின் அசைவைக் கணக்கிடுவது கணினியின் பிராசஸர். கார்ட்டுக்கு அதில் வேலையே இல்லை. 1998இல் கணினி வரைகலை ஆய்வாளர்கள் டேவிட் பராஃபும் ஆண்ட்ரூ விட்கினும் துணிக் கணக்கை வேகமாகப் போடும் வழியைக் காட்டியபோது இன்றைய கார்ட் எதுவும் பிறந்திருக்கவில்லை.

சேலையை பிளெண்டர் புள்ளிகளாகவும் அவற்றை இணைக்கும் சுருள்வில்களாகவும்தான் பார்க்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் அது தானாக வைக்கும் எடை 300 கிராம். மடிப்பு நன்றாக விழட்டும் என்று 20,000 புள்ளிகள் வைத்தால் சேலை 6,000 கிலோ! உங்கள் தறியிலிருந்து இறங்கும் சேலை ஒரு கிலோ வருமா? ஆறு தொன் தொங்கினால் எந்த வில்லும் இழுபடத்தான் செய்யும். 'வெர்டெக்ஸ் மாஸ்' என்ற இந்தப் புள்ளி எடை எண்ணைப் படிப்படியாகக் குறையுங்கள். ஒரு பிரேமுக்குள் எத்தனை படியாகக் கணக்கிடுவது என்பதைச் சொல்லும் 'குவாலிட்டி ஸ்டெப்ஸ்' 5இல் நிற்கும். 10, 15 என்று ஏற்றுங்கள். கணக்கு மெதுவாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொசுவத்துக்கு, பொம்மையின் உடலில் 'கொலிஷன்' (மோதல்) போட்டிருக்க வேண்டும். சேலையின் மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று புகாமல் தடுக்கும் 'செல்ஃப் கொலிஷன்' அணைந்தே வரும். அதை நீங்கள்தான் இயக்க வேண்டும்.

இதைச் சொல்லித்தராமல் சான்றிதழ் கொடுக்கும் வகுப்புகளை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டுவார்கள். அந்த எண் எடையா, விறைப்பா என்று சொல்லமாட்டார்கள். அங்கே விட்ட இடைவெளியில்தான் தரகர்கள் புகுகிறார்கள். 'சேலை செட்டிங்' என்று காசுக்கு விற்பது நாலைந்து எண்களைத்தான். பருத்திக்கும் பட்டுக்குமான எண்கள் பிளெண்டருக்குள்ளேயே இருக்கின்றன. பிளெண்டரும் இலவசம், அதற்கு 'லைசன்ஸ்' என்று ஒருவர் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கார்ட் உதவும் இடமும் உண்டு, அதைக் காட்டித்தான் கடைக்காரர் உங்களை மடக்குவார். அசைவு முடிந்தபின் ஒவ்வொரு படத்தையும் ஒளி நிழலோடு தீட்டும் 'ரெண்டர்' வேலையை கார்ட் விரைவாக்கும். மார்வலஸ் டிசைனர் போன்ற ஆடை மென்பொருளில் அசைவுக் கணக்கையே கார்ட்டில் ஓட்டலாம். ஆனால் அந்த மென்பொருளுக்குக் கட்டணம் உண்டு. நீங்கள் பாவிப்பது பிளெண்டர். உங்கள் குறையோ அசைவில், ரெண்டரில் அல்ல. அசைவு சரியாகி, ரெண்டருக்காக இரவெல்லாம் காத்திருக்க நேர்ந்தால் மட்டும் கார்ட்டைப் பற்றி யோசியுங்கள்.

எண்களை மாற்றியதும் முன்பு கணக்கிட்டுச் சேமித்த அசைவை, அதாவது பழைய 'பேக்'கை (bake), அழித்துவிட்டு முதல் பிரேமிலிருந்து ஓட்டுங்கள். இல்லாவிட்டால் திரையில் பழைய சேலையே ஆடும்.