58 வயதில் மந்திரவாதி ஆகலாமா?

கேள்வி: கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது 58. மகன் தன் பழைய லேப்டாப்பில் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். மந்திரவாதியாகத் தொடங்கினேன். கோட்டையை விட்டு வெளியே வந்ததும் ஓநாய் கடித்துச் செத்துப்போனேன், மூன்று தடவை. சின்ன வயதில் நண்பர்களோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடியவர்களுக்குத்தான் இது சரிப்படுமா? விதிப் புத்தகங்களைப் படித்துவிட்டு வரணுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: டீச்சர், புத்தகம் எதுவும் வேண்டாம். மேஜையில் நானும் ஒருநாள்கூட ஆடியதில்லை. 55 வயதில் காலை உடைத்துக்கொண்டு ஏழு வாரம் படுத்திருந்தபோது அக்கா மகன் இதே விளையாட்டைத்தான் போட்டுக் கொடுத்தான். இப்போது எனக்கு 62. இன்னும் விடவில்லை.

நீங்கள் சொல்லும் மேஜை ஆட்டம் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-இல் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதவைத் திறக்கிறேன், ஒளிந்துகொள்கிறேன் என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இதற்கு நாலைந்து பேர் வாராவாரம் கூடணும். நம் வயதில் அத்தனை பேரை எங்கே போய்ப் பிடிப்பது? கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் அதே ஆட்டத்தின் விதிகளை வைத்து 1998-இல் கொண்டுவந்த பால்டர்ஸ் கேட்டில் அந்தக் கவலை இல்லை. கதை நடத்துவது, பகடை உருட்டுவது, கூட்டாளிகளைத் தருவது எல்லாமே கம்ப்யூட்டர்தான்.

சரி, ஓநாய்க்கு வருவோம். உங்கள் மேல் தப்பே இல்லை. முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி நாலு. அடிபட அடிபட அது குறையும், தீர்ந்தால் சாவு. உடம்பு திடமாக இருந்தால் ஆறு. அதற்கு ஓநாயின் இரண்டு கடி தாராளம். மந்திரமும் ஒன்றுதான் நினைவில் நிற்கும். அதைச் சொல்லிவிட்டால் தூங்கி எழுந்த பிறகுதான் அடுத்தது. அந்த ஒன்று தூக்க மந்திரமாக இருக்கட்டும். ஆரம்பத்தில் வரும் சில்லறை எதிரிகள் கூட்டமாக வந்தாலும் சாய்ந்துவிடுவார்கள்.

அப்புறம் ஸ்பேஸ்பார். அதைத் தட்டினால் அந்த உலகம் அப்படியே நின்றுவிடும். ஓங்கிய கத்தி ஓங்கியபடி நிற்கும். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்து, யார் யாருக்கு என்ன வேலை என்று சொல்லலாம். எனக்கு இது புரிந்த இடம் 'ஃபிரெண்ட்லி ஆர்ம்' சத்திரத்து வாசல். படியில் ஒருவன் நைச்சியமாகப் பேர் கேட்பான். பேர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கொல்லத்தான் வந்திருக்கிறான். அவனிடம் நான் ஐந்து தடவை செத்தேன். ஆறாவது தடவை, அவன் வாயில் மந்திரம் தொடங்கியதுமே ஸ்பேஸ்பாரைத் தட்டி நிறுத்தினேன். கூட இருந்த இமோயன் என்ற பெண்ணை அம்பு விடச் சொன்னேன். பாதி மந்திரத்தில் அடிபட்டால் அந்த மந்திரம் வீண். அம்பு பட்டது, மந்திரம் அறுந்தது. கட்டிலில் படுத்தபடியே கத்திவிட்டேன். என்னவோ ஏதோ என்று அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் இன்னொன்று. திரையின் கீழே ஓடும் எழுத்துகளைப் படியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் விழுந்த பகடை எண் அங்கே வரும். உருட்டுவது 20 முகப் பகடை. உங்கள் அடிக்கும் திறமைக்கு ஒரு தாக்கும் எண், எதிரியின் தற்காப்புக்கு ஒரு கவச எண். உங்கள் தாக்கும் எண் 20, எதிரியின் கவச எண் 5 என்றால், அடி படுவதற்கு 15-ஓ அதற்கு மேலோ விழணும். கவச எண் குறையக் குறையத்தான் அதை உடையவருக்கு நல்லது. எல்லாரும் குழம்பும் இடம் இது. உங்களுக்கு வெறும் கழித்தல்.

மகன் மூன்றாம் பாகத்தை வாங்கித் தருகிறேன் என்பான். 2023-இல் வந்தது, அருமையானது, ஆனால் அந்தப் பழைய லேப்டாப் தாங்காது. என்னைக் கேட்டால் முதலில் இதையே முடியுங்கள். வசனம் முழுக்க ஆங்கிலம்தான். ஆனால் நீங்கள் பதிலைத் தேர்ந்தெடுக்கும்வரை எதிரில் இருப்பவர் காத்திருப்பார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் படித்தேன்.

சத்திரத்துக்குள் காலித், ஜஹேரா என்ற கணவன் மனைவி இருப்பார்கள். இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் திக்கித் திக்கிப் பேசுவார், அந்தம்மா அதட்டுவார். ஓநாய் வந்தால் அவர்கள் முன்னே நிற்கட்டும், நீங்கள் பின்னே நில்லுங்கள். இன்னொன்று, அந்த நாட்டில் இரும்பு கெட்டுக் கிடக்கிறது. சாதாரண வாள் சண்டைக்கு நடுவே உடைந்துபோகும். கதை உங்களை அனுப்பும் நாஷ்கெல் சுரங்கத்தில் இறங்கும் முன் ஆளுக்கு இரண்டு ஆயுதம் வாங்கிவிடுங்கள்.