ஏரியா, சூரியனா, நாமா? பூமிச் சூடு பற்றிப் பெங்களூருத் தமிழர்களின் கேள்விகள்

முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்பதால் அல்சூர் நண்பர்கள் இந்தக் கேள்விகளை என்னிடம் தந்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, என் சிறுவயதில் எங்கள் வீட்டில் மின்விசிறியே கிடையாது. ஏரிகளைத் தூர்த்தோம், மரங்களை வெட்டினோம், வெயில் கூடியது. பழியைக் கரியமில வாயுமேல் போடுவது ஏன்?

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்குமிடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரி. கான்கிரீட் ஊரைச் சுடவைக்கிறது, உண்மைதான். ஆனால் நடுக்கடலிலும் வடதுருவத்திலும் யார் ஏரியைத் தூர்த்தார்கள்? அங்கும் வெப்பம் ஏறுகிறது. நம் தலையில் ஊர்ச்சூடு, உலகச்சூடு இரண்டும் சேர்ந்து விழுகின்றன.

கேள்வி: சூரியனே கூடுதலாகக் காய்கிறதோ?

பதில்: நியாயமான சந்தேகம். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை அளந்துவருகின்றன. சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை அது ஏறி இறங்குகிறது. பூமியின் வெப்பத்தைப் போல ஏறிக்கொண்டே போகவில்லை. அதைவிட வலுவான சாட்சி வானத்திலேயே இருக்கிறது. சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலம் அடிமுதல் முடிவரை சூடாக வேண்டும். நடப்பது வேறு: தரையை ஒட்டிய காற்று சூடாகிறது, மேலே உள்ள அடுக்கு மண்டலம் குளிர்கிறது. கீழே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு, மேலே அதை விண்வெளிக்கு வீசிவிடுகிறது. காலநிலை விஞ்ஞானி சுகுரோ மனாபே 1967லேயே இதைக் கணக்கிட்டுச் சொன்னார். 2021இல் நோபல் பரிசு பெற்றவர். கணக்கு முன்னே வந்து, அளவீடு பின்னே வந்து ஒத்துப்போனதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

கேள்வி: எரிமலைகள்?

பதில்: அவை விடும் கரியமில வாயு, மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

கேள்வி: பனியுகம் வந்துபோனபோது தொழிற்சாலை இருந்ததா?

பதில்: இல்லை அம்மா. பூமி சுற்றும் பாதையும் சாய்வும் மாறியதால் வந்தவை அவை. மாற பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. இப்போதோ காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, தொழிற்புரட்சிக்குப் பின் 420ஐத் தாண்டிவிட்டது. கூடுதலாக வந்தது நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததே என்பதற்கும் தடயம் உண்டு. பழங்காலத்தில் புதைந்தவற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் சிதைந்து தீர்ந்திருக்கும். அந்தப் புகை கலக்கக் கலக்க, காற்றில் கார்பன்-14இன் விகிதம் குறைகிறது.

கேள்வி: அப்படியானால் தொலைக்காட்சியில் ஏன் இத்தனை சண்டை?

பதில்: ஒவ்வொரு தரப்புக்கும் ஒருவரை உட்காரவைத்தால் இரண்டும் சமம்போலத் தோன்றும். இதுதான் என்னை வருத்துகிறது. மனிதர் செயலே காரணம் என்பதில் ஐயமில்லை என்று ஐ.நா. காலநிலைக் குழு 2021இல் எழுதிவிட்டது. கரியமில வாயு இரட்டித்தால் எத்தனை டிகிரி ஏறும், மேகங்கள் எப்படி மாறும் என்பவையே ஆய்வாளர்களுக்குள் நடக்கும் மெய்யான விவாதங்கள்.

கேள்வி: தாத்தா, நானே சரிபார்க்க முடியுமா? பத்தாம் வகுப்பு படிக்கிறேன்.

பதில்: முடியும் கண்ணா. ஹவாயின் மௌனா லோவா மலையில் விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958இல் தொடங்கிய கரியமில வாயு அளவீடுகள் எவரும் பார்க்கக் கிடைக்கின்றன. மாதவாரியாகக் கட்டத்தாளில் வரை. கோடு ரம்பப்பல் போல ஏறி இறங்கியபடியே மேலே போகும். பல் ஏன் வருகிறது என்று நீயே யோசி; வட கோளத்து மரங்கள் எந்த மாதத்தில் இலைவிடும் என்பதிலிருந்து தொடங்கு.