வெள்ளைச் சட்டை, கறுப்பு பேட்ஜ் பசங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சும்மா ஒரு வரி எழுதியிருந்தேன், நம்ம சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல டை கட்டின ரெண்டு வெள்ளைக்காரப் பசங்க நம்ம பாட்டி ஒருத்தருக்கு தேக்கா சந்தைப் பையைத் தூக்கிட்டு வந்தாங்கன்னு. அவ்வளவுதான், இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல அந்தப் பசங்களப் பத்திதான். சரி, எல்லாத்தையும் ஒண்ணா போட்டுடறேன்.

அண்ணே, அவங்க யெகோவா சாட்சி ஆளுங்கதானே? அது இங்க தடைன்னு கேள்விப்பட்டேனே? (ஈசூன்)

இல்லைங்க, ரெண்டும் வேற வேற. யெகோவா சாட்சிகள் அமைப்போட பதிவை அரசாங்கம் 1972லயே ரத்து பண்ணிடுச்சு, காரணம் அவங்க பசங்க நேஷனல் சர்வீஸ், அதாவது என்எஸ்ங்கற கட்டாய ராணுவ சேவை செய்ய மாட்டேன்னதுதான். இவங்க மார்மன். முழுப்பேரு பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, மூச்சு வாங்கிட்டுத்தான் சொல்லணும். 1830ல நியூயார்க் மாநிலத்துல ஜோசப் ஸ்மித்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, இப்ப தலைமையகம் யூட்டா மாநிலத்துல சால்ட் லேக் சிட்டி. பைபிளோட மார்மன் புத்தகத்தையும் வேதமா வச்சிருக்காங்க, அதனாலயே மத்த கிறிஸ்தவ சபைங்க பல பேரு இவங்கள சேர்த்துக்க மாட்டாங்க. இங்க இவங்களுக்குத் தடை கிடையாது, புக்கிட் தீமா ரோட்டுல சபைக் கூடமே இருக்கு, சபை பசங்க மத்தவங்க மாதிரியே என்எஸ் போறாங்க.

இவங்க நாலஞ்சு பொண்டாட்டி கட்டுற கூட்டம்தானே? (புக்கிட் பாஞ்சாங்)

ஒரு காலத்துல. 1890ல சபை அதை நிறுத்துறோம்னு அறிவிச்சிடுச்சு, இப்ப எவனாவது பண்ணா வெளிய அனுப்பிடுவாங்க. விடாம பண்றது பிரிஞ்சுபோன சின்னக் குழுக்கள். நீங்க கேக்க வேண்டிய கேள்வி வேற ஒண்ணு இருக்கு, ஆப்பிரிக்க வம்சாவளி ஆம்பளைங்களுக்கு 1978 வரைக்கும் குருத்துவம் குடுக்கவே இல்ல இந்த சபையில. அதைக் கேட்டுப் பாருங்க, பசங்க கொஞ்சம் நெளிவாங்க, ஆனா பதில் சொல்லத்தான் பார்ப்பாங்க.

அண்ணே, என் மகன் பாலிடெக்னிக்ல ஒரு ஃபிரெண்டு மூலமா இந்த சபையில சேர்ந்துட்டான். நாங்க முருகன் கோயிலுக்குப் போற குடும்பம். அதையே ஒரு மாதிரி ஜீரணிச்சாச்சு. இப்ப என்எஸ் முடியப் போகுது, யுனி சீட்டும் இருக்கு, இவன் என்னடான்னா ரெண்டு வருஷம் ஊழியத்துக்குப் போறேன்னு நிக்கிறான். எந்த நாடுன்னு கேட்டா தெரியாதுங்கறான். அங்க போய் என்ன பண்ணுவான், யாரு சோறு போடுவா, எனக்குத் தூக்கமே இல்ல. (உட்லண்ட்ஸ், பெயர் வேண்டாம்)

அம்மா, எந்த நாடுன்னு அவன் சொல்றது உண்மைதான், மறைக்கல. இவங்க விண்ணப்பம் போடுவாங்க, எந்த ஊருன்னு சபைத் தலைமைதான் முடிவு பண்ணி அனுப்பும், இவனா தேர்ந்தெடுக்க முடியாது. ஜப்பானா இருக்கலாம், பிரேசிலா இருக்கலாம், பக்கத்துல மணிலாவா கூட இருக்கலாம். புதுசா சேர்ந்தவங்கன்னா ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷமாவது ஆகணும்னு வழக்கம், அதனால நாளைக்கே பொட்டி கட்டிடுவான்னு பயப்படாதீங்க. ஆம்பளப் பசங்களுக்கு 24 மாசம், பொம்பளப் பிள்ளைங்களுக்கு 18 மாசம். பசங்க 18 வயசுல போகலாம்னு 2012ல மாத்தினாங்க, அதுக்கு முன்னாடி 19. நம்ம ஊர்ல அந்த வயசுல பையன் தெக்கோங் தீவு ராணுவப் பயிற்சி முகாம்ல இருப்பான், அதனால இங்க பெரும்பாலும் என்எஸ் முடிச்சுட்டுத்தான் கிளம்புறாங்க.

போனதும் சில வாரம் பயிற்சி, புது மொழின்னா இன்னும் கூட. அப்புறம் ஊருக்குள்ள இறக்கி விட்டுடுவாங்க. காலையில 6:30க்கு எழுந்திரிக்கணும், கொஞ்சம் உடற்பயிற்சி, சாப்பாடு, அதுக்கப்புறம் தனியா படிப்பு, கூட்டாளியோட சேர்ந்து படிப்பு, மொழிப் படிப்பு, அப்புறம் வெளிய. ரோட்டுல பேசுறது, தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போறது, யாருக்காவது வீடு மாத்த உதவி பண்றது, இப்ப ஃபேஸ்புக்லயும் ஆளு தேடுறாங்க. ராத்திரி 9, 9:30க்குள்ள ரூமுக்கு வந்துடணும், 10:30க்கு விளக்கை அணைக்கணும். ஊருக்கு ஊரு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். சினிமா கிடையாது, டிவி கிடையாது, காதல் கிடையாது, நீச்சல் குளத்துல இறங்கக் கூடாது. சம்பளம் ஒரு காசு கிடையாது, பையனே சேத்து வச்ச காசோ குடும்பமோ சபை மக்களோதான் செலவைப் பாத்துக்கணும், அதனால அவன்கிட்ட பேங்க்ல எவ்வளவு இருக்குன்னு நீங்க கேக்கலாம், தப்பே இல்ல.

சோறு அவனே ஆக்கிக்கணும், துணி அவனே துவைச்சுக்கணும். வாரத்துல ஒரு நாள், பல ஊர்ல திங்கட்கிழமை, சாயங்காலம் வரைக்கும் ஃப்ரீயா விடுவாங்க, அன்னிக்குத்தான் முடி வெட்டுறது, மளிகை வாங்குறது, கால்பந்து விளையாடுறது எல்லாம். இதெல்லாம் உங்க பையனுக்கு ஒண்ணுமே இல்லம்மா, முகாம்ல ஏரியா கிளீனிங், ஸ்டாண்ட்-பை பெட்னு படுக்கைச் சோதனை எல்லாம் பாத்துட்டு வந்தவன். ஆனா என்எஸ்ல வெள்ளிக்கிழமை ஆனா முகாம்லேர்ந்து புக் அவுட் பண்ணி உங்க மீன் குழம்பைச் சாப்பிட வந்தான் பாருங்க, அது இங்க கிடையாது, ரெண்டு வருஷத்துக்கு வீட்டுப் பக்கமே வர முடியாது. ஒரு நல்ல விஷயம், முன்னாடி கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்கு போன், 2019லேர்ந்து வாரா வாரம் பேசலாம், வீடியோலயே. நீங்க அந்தக் காலத்து அம்மாங்கள விட குடுத்து வச்சவங்க.

நான் இந்தப் பசங்ககிட்ட பேசினவரைக்கும் எனக்குப் பட்டது ஒண்ணு, கதவை மூஞ்சில சாத்துறது இவங்களுக்குப் பழகிடுது, கஷ்டம் அது இல்ல. கஷ்டம் என்னன்னா கூட்டாளி. எப்பவுமே ரெண்டு பேராத்தான் இருக்கணும், ஒருத்தன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுற தூரத்துலதான் இன்னொருத்தன் இருக்கணும், பாத்ரூம் மட்டும்தான் விதிவிலக்கு. அந்தக் கூட்டாளியையும் இவன் தேர்ந்தெடுக்க முடியாது. சுமார் 6 வாரத்துக்கு ஒரு தடவை மாத்தல் அறிவிப்பு வரும், புடிச்சவன் போயிடுவான், புடிக்காதவன் இன்னும் 6 வாரம் கூடவே இருப்பான். எங்க புளோக்குக் கீழ இருக்குற திறந்த தளத்துல, வாய்ட் டெக்ல, ஒரு நாள் பாத்தேன், மழைக்கு ஒதுங்கின ரெண்டு பேரு, ஒருத்தன் ஷூவைக் கழட்டி பிரிஞ்சு போன அடிப்பாகத்துக்கு பசை தடவி ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சிட்டு உக்காந்திருக்கான், மத்தவன் வாயே திறக்காம மழையைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். அன்னிக்குக் காலையில சண்டையாம், பாத்திரம் கழுவுறதுல. சண்டை போட்டாலும் தனித்தனியா எங்கயும் போக முடியாது, பசை காயுற வரைக்கும் அவனும் நின்னுதான் ஆகணும்.

அதனால உங்க பையன் யாரோட வேணாலும் ஒத்துப்போற ஆளான்னு யோசிங்க. ஒத்துப்போவான்னா பயப்பட ஒண்ணுமில்ல. தனிமை விரும்பி, மனசுல போட்டுப் புழுங்குற ஆளுன்னா போறதுக்கு முன்னாடி உக்கார வச்சுப் பேசுங்க. சில பசங்க உடம்பு முடியாம, மனசு தாங்காம பாதியிலயே திரும்பிடறாங்க, சபை வட்டாரத்துல சில பேரு அதை அவமானமாப் பாக்குறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. நீங்க இப்பவே சொல்லிடுங்க, எப்ப வேணும்னாலும் வாடா, ஏன் வந்தேன்னு கேக்க மாட்டோம்னு. யுனி சீட்டைத் தள்ளிப் போட முடியுமான்னு அவனையே போய்க் கேக்கச் சொல்லுங்க, எழுத்துல வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அது கைக்கு வராம டிக்கெட் பத்திப் பேச்சே எடுக்காதீங்க.

எங்க கோப்பிக்கடைக்கு ரெண்டு பேரு வராங்க, தே வேணாம் கோப்பி வேணாங்கறாங்க, ஆனா கோக் குடிக்கிறாங்க. என்ன கணக்கு இது? (ஜூரோங் வெஸ்ட், கடைக்காரர்)

ஐயா, 1833லேர்ந்து அவங்களுக்கு ஒரு உடல்நல விதி இருக்கு. சாராயம், புகையிலை, டீ, காப்பி நாலும் ஆகாது. கோக் அந்தப் பட்டியல்ல இல்ல, அவ்வளவுதான் கணக்கு. எனக்கும் இது கொஞ்சம் வேடிக்கையாத்தான் இருக்கு, ஆனா புரட்டாசில கோழிக்கு லீவு விட்டுட்டு ஐப்பசி பொறந்ததும் கடை வாசல்ல நிக்கிற நாம என்னத்தைச் சொல்றது. மைலோ பெங் போடுங்க, பண்டுங் போடுங்க, குடிப்பாங்க. கறி மீன் எல்லாம் சாப்பிடுவாங்க. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு வேளை விரதம், அன்னிக்கு உங்க கடைப்பக்கம் வர மாட்டாங்க. அமெரிக்கால 2012ல அதிபர் தேர்தல்ல நின்னாரே மிட் ராம்னி, அவரும் இளவயசுல பிரான்ஸ்ல இந்த ஊழியம் பண்ணவர்தான், ஒயின் ஓடுற ஊர்ல ஒயின் தொடாம!

அண்ணா, அதுல ஒருத்தர் ரொம்ப அழகா இருக்கார். இன்ஸ்டா கேக்கலாமா? (தெம்பனீஸ், 19 வயசு)

கேக்கலாம் தங்கச்சி, மார்மன் புத்தகத்தோட லிங்க் வரும். ஊழியம் முடியிற வரைக்கும் அவருக்குக் காதல் கூடாது, பக்கத்துல ஒருத்தன் கேட்டுக்கிட்டே நிப்பான், அடுத்த மாத்தல்ல ஆளு வேற ஏரியாவுக்குப் போயிடுவாரு. பரீட்சைக்குப் படி.

இலவசமா இங்கிலீஷ் சொல்லித் தரோம்னு சொன்னாங்க. போனா மதம் மாத்திடுவாங்களாண்ணே? (துவாஸ், டார்மிட்டரி)

தம்பி, பல நாட்டுல இவங்க இப்படி கிளாஸ் நடத்துறாங்க. அமெரிக்கப் பசங்கன்னா ஒருத்தருக்கொருத்தர் வேகமாப் பேசுறது புரியாது, ஆனா உன்கிட்ட மெதுவாப் பேசுவாங்க, பொறுமை ஜாஸ்தி. கிளாஸ் முடிஞ்சதும் சபைக்கு வரியான்னு கேப்பாங்க, அது அவங்க வேலை, அதுக்குத்தான் வந்திருக்காங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டு அடுத்த வாரம் கிளாஸுக்குப் போ. பணம் கேட்டாலோ பாஸ்போர்ட், வொர்க் பெர்மிட் காப்பி கேட்டாலோ எழுந்து வந்துடு, யாரா இருந்தாலும் சரி.

எங்க சாமி அறையைப் பாத்துக்கிட்டே பேசுறாங்க, எனக்குப் புடிக்கல. எப்படி முகத்துல அடிக்காம அனுப்புறது? (தோ பாயோ, 71 வயசு)

பெரியவரே, வாசல்லயே சொல்லிடுங்க, எங்களுக்கு எங்க சாமி போதும்பா, தண்ணி வேணும்னா குடிச்சிட்டுப் போங்கன்னு. மறுபடி வராதீங்கன்னும் சொல்லலாம், கோவிச்சுக்க மாட்டாங்க. உள்ள விட்டுட்டு ஒரு மணி நேரம் தலையாட்டிட்டு அடுத்த வாரம் வாங்கன்னு சொல்றீங்க பாருங்க, நம்ம ஆளுங்க மரியாதைன்னு நினைச்சுச் செய்றது, அதுதான் அவங்களுக்குத் தண்டனை. வெயில்ல மறுபடி நடந்து வந்து பூட்டின கதவைப் பாப்பாங்க. அவங்க உங்க சாமியக் கேவலமாப் பேசினா மட்டும் கதை வேற, இங்க 1990ல நிறைவேத்தின சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கு, அது நமக்கும் அவங்களுக்கும் சேத்துத்தான்.

தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிட ஆசை, வருவாங்களா? நானும் என் மகளும் மட்டும்தான் வீட்டுல. (செங்காங்)

வருவாங்கக்கா, ஆனா பொம்பளைங்க மட்டும் இருக்குற வீட்டுக்குள்ள பசங்க வரக்கூடாதுன்னு விதி. உங்க அண்ணன் தம்பி யாராவது வர நேரமாப் பாத்துக் கூப்பிடுங்க, இல்லன்னா இதே பேட்ஜ் போட்ட பொண்ணுங்களும் ரெண்டு ரெண்டு பேரா இருக்காங்க, அவங்களக் கூப்பிடுங்க. முறுக்கு, அச்சுமுறுக்கு, மட்டன் பிரட்டல் எல்லாம் தாராளமா வைங்க, டீ மட்டும் போடாதீங்க. 9 மணிக்குள்ள ரூமுக்குப் போகணும்ங்கறதால 7 மணிக்கே இலையைப் போட்டுடுங்க.