வளைவில் பைக் ஓட்டத் தனியாகப் பயிற்சி வேண்டுமா?

பல ஆண்டுகளாக பைக் ஓட்டுபவர், வளைவில் திரும்பப் பணம் கொடுத்துக் கற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்று அதைப் போக்கியது. இறங்கும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவுக்குள் சற்று வேகமாகப் புகுந்துவிட்டேன். பயத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டு முன் பிரேக்கை அழுத்தியதும், சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்து எதிர்த் தடத்துக்குள் போய்விட்டது. அந்த நேரத்தில் எதிரே பேருந்து வராததற்கு என் திறமை காரணமன்று.

பிறகு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குச் சென்றேன். ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட அந்தத் தளத்தில், முதல் பாடமாக, கியர் மாற்றாமலும் பிரேக்கைத் தொடாமலும் ஓட்டச் சொன்னார்கள். சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றிய அந்தப் பாடம்தான் எனக்கு மிகுந்த பயன் தந்தது. பிரேக்கின் துணை இல்லாதபோது, வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைய வேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்தாக வேண்டும். வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடினால் எடை முன் சக்கரத்தின் மேல் விழுந்து, முன் சஸ்பென்ஷன் அமுங்கி, வண்டியின் போக்குக் குலைகிறது. திரும்பிச் சாய்ந்தபின் சிறிது சிறிதாகத் திறந்துகொண்டே போனால், வண்டி தன் பாதையை விட்டு விலகுவதில்லை. இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன், ஆனால் வலது கை அதைப் பழகியிருக்கவில்லை.

அடுத்தது பார்வை. எனக்குப் பின்னால் ஓட்டி வந்த பயிற்றுநர், "சார், நீங்க டயருக்கு முன்னாடியே பார்த்துக்கிட்டு வர்றீங்க" என்றார். தலையைத் திருப்பி வளைவின் முடிவைத் தேடத் தொடங்கியபின், அதே வேகம் எனக்கு மெதுவாகத் தோன்றியது.

எவ்வளவு சாய்க்கலாம் என்பதில்தான் இளைஞர்களுக்கு ஆர்வம் அதிகம். முழங்கால் தரையில் உரசினால்தான் கற்றதாகக் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 23 பாகை சாய்வு போதும். 50 கிலோமீட்டருக்கு அது 33 பாகையாகிவிடுகிறது. மலைச்சாலையில் மணலோ டீசல் கசிவோ இருக்கலாம் என்பதால், அந்தப் பத்துப் பாகையை நான் கையிருப்பாக வைத்துக்கொள்கிறேன்.

பந்தயத் தளத்தில் சாலையின் முழு அகலமும் நமக்குரியது, மலைச்சாலையில் பாதிதான். ஆகவே தளத்தில் வளைவுக்குள் செல்லக் கற்ற பாதையை அப்படியே மலைச்சாலைக்குக் கொண்டுவரக் கூடாது. வளைவின் மறுபுறம் கண்ணுக்குத் தெரியும்வரை வெளிப்பக்கமாக நின்று, தாமதமாகவே உள்ளே திரும்புகிறேன். வெளிப்பக்கம் என்றாலும் என் தடத்துக்குள்தான்.

போவதானால் நீங்கள் நாள்தோறும் ஓட்டும் வண்டியிலேயே போங்கள். அங்கே வாடகைக்குக் கிடைத்த வண்டியின் பிரேக் பழகவே எனக்கு அரை நாள் வீணாயிற்று.