கேள்வி பதில்: அரசாங்கச் செலவில் கை வைத்தால் என்ன ஆகும்?

காரைக்குடி வட்டார நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் சொல்பவர், உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது தேவகோட்டையில் இருப்பவர்.

செக்காலை வாசகர்: ஐயா, அரசு ஊழியர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினால் கடன் தீர்ந்துவிடாதா? ஆள்பவர்களுக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதானே?

துணிச்சல் இருந்த காலமும் உண்டு தம்பி. 1980 நவம்பரில் கர்ணம், மணியம் என்ற கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தார் எம்.ஜி.ஆர். 1982இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பதவி போனது. ஆனால் அடங்கல் (நிலம், பயிர்க் கணக்கு) எழுதுவது, கிஸ்தி (நிலவரி) வசூலிப்பது, சான்று கொடுப்பது எதுவும் போகவில்லை. அதே வேலைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்து உட்கார்ந்தார்.

2001 நவம்பரில் அரசாணை 212 போட்டு, புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்ட முடியுமா? மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை மட்டும் தரும் தொகுப்பூதியத்தில் ஆசிரியர்களை எடுத்தார்கள். 2006 ஜூன் 1 முதல் அவர்களுக்கும் நிரந்தர ஊழியர் போலக் காலமுறை ஊதியம் கொடுக்க வேண்டி வந்தது. இடையில் 2003 ஜூலையில், வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று ஏறத்தாழ 1,70,000 பேரை நீக்கினார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. வழக்கில் ஜெயித்த அரசு, நீக்கியவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2004 மக்களவைத் தேர்தலில் மாநில ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் பல சிக்கன நடவடிக்கைகள் வாபஸ் ஆயின.

சரி, கணக்குக்கு வருவோம். 2024-25 மாநில பட்ஜெட்டில் வருவாய் வரவு சுமார் 3 லட்சம் கோடி ரூபாய். சம்பளம் 85 ஆயிரம் கோடி, பென்ஷன் 38 ஆயிரம் கோடி, வட்டி 64 ஆயிரம் கோடி. மானியமும் உதவித்தொகையும் மட்டும் 1 லட்சத்து 47 ஆயிரம் கோடி. கூட்டிப் பாருங்கள், வரவைத் தாண்டிவிடும். வட்டியைத் தொட முடியாது. பென்ஷன், ஏற்கனவே செய்த வேலைக்கான கடன். மானியத்தில் கை வைத்தால் உங்கள் வீட்டு மின்கட்டணத்தில் தெரியும். மிஞ்சுவது சம்பளம். அதை வாங்குபவர்களில் பெரும்பகுதி ஆசிரியர், போலீஸ், மருத்துவமனை ஆட்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கும் 'கோப்பு தள்ளுகிற குமாஸ்தா' அதில் சின்னப் பங்குதான். எந்த வேலையை நிறுத்தப் போகிறோம் என்று முதலில் சொல்லுங்கள், ஆளைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: குடும்ப பென்ஷனுக்கு வருஷா வருஷம் கருவூலத்துக்கு நேரில் போக வேண்டுமா? முட்டி வலிக்கிறது.

வேண்டாம் ஆச்சி. தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து, மின்னணு உயிர்வாழ் சான்று எடுத்துக் கொடுப்பார். சின்னக் கட்டணம்தான். ஆதாரும் பென்ஷன் புத்தகமும் கையில் இருக்கட்டும்.

புதுவயல் வாசகர்: அகவிலைப்படி உயர்வு வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

அரசாணை எண், தேதி இரண்டும் இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் நம்பாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு கானாடுகாத்தான்காரர்: அமெரிக்காவில் அரசுச் செலவைக் குறைக்க எலான் மஸ்க் செய்த மாதிரி இங்கேயும் ஒருவர் வந்தால்?

அவர் முதலில் சொன்னது 2 லட்சம் கோடி டாலர் மிச்சம். அப்புறம் அது 1 லட்சம் கோடி ஆனது. 2025 ஏப்ரலில் 15 ஆயிரம் கோடி என்றார். அதற்கும் கணக்கு சரியாக இல்லை என்று அங்கேயே பலர் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். அந்த நாட்டின் ஆண்டுச் செலவு சுமார் 7 லட்சம் கோடி டாலர். அதில் முதியோர் ஓய்வூதியம், மருத்துவம், ராணுவம், வட்டி ஆகியவைதான் மலை. அந்த மலையை விட்டுவிட்டு ஊழியர்கள் மேல் பாய்ந்தார்கள். அணு ஆயுதங்களைப் பாதுகாக்கும் துறையிலேயே ஆட்களை நீக்கிவிட்டு, யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று தெரிந்ததும் சில நாளில் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த ஆண்டு மொத்தச் செலவு குறையவில்லை, கூடியது.

அதே கானாடுகாத்தான்காரர்: நம் ஊர்க்காரரே நிதியமைச்சராக இருந்தாரே, அப்போதாவது செய்திருக்கலாமே?

நல்ல கேள்வி. 1997இல் ப. சிதம்பரம் நிதியமைச்சர். நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாவது ஊதியக் குழுவின் அறிக்கை வந்தது. சம்பளத்தை உயர்த்துங்கள், கூடவே பத்து ஆண்டில் ஆட்களை 30 சதவீதம் குறையுங்கள் என்பது பரிந்துரை. முதல் பாதியை, சங்கங்கள் கேட்டபடி கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தார்கள். இரண்டாம் பாதி அலமாரிக்குப் போனது. ஒருவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்று இருந்தது கூட்டணி அரசு; சம்பள உயர்வுக்குக் கேட்க ஆள் இருந்தது, ஆட்குறைப்புக்குக் கேட்க ஆளே இல்லை.

கோட்டையூர் வாசகர்: எங்கள் பேரூராட்சியையும் கண்டனூரையும் சங்கராபுரம், அரியக்குடி போன்ற ஊராட்சிகளையும் சேர்த்து 2024இல் காரைக்குடியை மாநகராட்சி ஆக்கினார்கள். ஏழெட்டு அலுவலகம் ஒன்றானால் செலவு குறைய வேண்டுமே?

குறையும் என்று யார் சொன்னது? அலுவலகம் ஒன்றாகும், சம்பள விகிதம் எல்லாம் மேல் பக்கமாகத்தான் ஒன்றாகும். மாநகராட்சி என்றால் ஆணையர், மாநகரப் பொறியாளர், நகர்நல அலுவலர் என்று ஒரு மேல்தட்டு வரும். கனடாவில் டொராண்டோவைச் சுற்றியிருந்த உள்ளாட்சிகளை 1998இல் இப்படித்தான் செலவு மிச்சம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். சம்பளமும் சேவையும் எந்த ஊரில் அதிகமோ அந்த அளவுக்கு எல்லா ஊரிலும் ஏறின, சொன்ன மிச்சம் வரவில்லை. தணிக்கைக்காரனாகச் சொல்கிறேன், சேர்ப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு, சிக்கனம் அதில் ஒன்றல்ல.

சங்கராபுரம் வாசகர்: நூறு நாள் வேலை போய்விட்டதே, அதைச் சொல்லுங்கள்!

உண்மை. அது ஊராட்சிகளுக்கு மட்டுமான திட்டம். உங்கள் எல்லை நகரமானால் அந்த வேலைக்கு வழியில்லை. அரசாங்கக் கணக்கில் இதுவும் ஒரு 'மிச்சம்' என்று வரும்.

காரைக்குடி, கல்லுக்கட்டி வாசகர்: சும்மா குறை சொல்கிறார்கள். சங்கராபுரத்தையும் காரைக்குடியையும் பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம். ரோடு எங்களுடையது, குப்பை அவர்களுடையதா?

கோட்டையூர் வாசகர்: வரி மட்டும் எங்களுடையதா அண்ணே? பேரூராட்சி அலுவலகம் என்றால் நடந்தே போய்க் கேட்போம். இனி பஸ் ஏற வேண்டும்.

கல்லுக்கட்டி நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஊர் ஏற்கனவே ஒட்டிவிட்டது. ஆனால் கோட்டையூர்க்காரர் சொல்வதுதான் எனக்கு முக்கியம். ஒரு அலுவலகத்தை மூடினால் அரசின் செலவு அந்தக் குடும்பத்தின் பஸ் கட்டணமாகவும் ஒரு நாள் கூலியாகவும் மாறுகிறது. அது எந்த பட்ஜெட்டிலும் ஏறாது. தணிக்கையில் இதற்குத் தலைப்பே கிடையாது.

செக்காலை வாசகர் (மறுபடியும்): மாநகராட்சி போதாது ஐயா, காரைக்குடியைத் தனி மாவட்டமாகவே அறிவிக்க வேண்டும்.

பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பச் சொன்னவர் நீங்கள்தானே? ஒரு கலெக்டர், ஒரு எஸ்.பி., துறைக்கொரு மாவட்ட அதிகாரி, ஆளுக்கொரு ஜீப், பெருந்திட்ட வளாகம். முதலில் எதை எழுதிக்கொள்ளட்டும்?

புதுவயல், தேவகோட்டை, கண்டனூரிலிருந்து மூவர்: பழைய பென்ஷன் வருமா? / அகவிலைப்படி எப்போது? / பாதி ஊழியர்களைக் குறைத்தால் என்ன?

முதல் இரண்டுக்கும்: அரசாணை எண். மூன்றாவதுக்கு: செக்காலை வாசகருக்குச் சொன்ன முதல் பதிலைப் படியுங்கள்.

பள்ளத்தூரில் கல்லூரி மாணவி: அந்தக் காலத்தில் பர்மாவில் செட்டியார்களின் வட்டிக் கடைகளை ஒரு மேலாளும் (கடைப் பொறுப்பாளர்) இரண்டு அடுத்தாளும் (உதவியாளர்) வைத்தே நடத்தினார்களாம். அரசாங்கத்தால் ஏன் முடியவில்லை?

உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பாப்பா. அந்தக் கடையில் மேலாளுக்குத் தவணை மூன்று ஆண்டு. முடிந்ததும் ஐந்தொகை (சொத்து, கடன் இருப்புக் கணக்கு) எடுத்து முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். கணக்கு கேட்பவர் ஒருவர், அதுவும் தன் பணம். பிடிக்காத ஆளுக்குக் கடன் இல்லை என்று சொல்லலாம், நட்டம் என்றால் கடையைக் கட்டிவிட்டு வரலாம். ரேஷன் கடை அப்படி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினால் ஏன் என்று மனு வரும், மனுவுக்குப் பதில் எழுத ஆள் வேண்டும். எங்கோ ஒரு திருட்டு நடந்தால் அதைத் தடுக்க ஒரு பதிவேடு, அந்தப் பதிவேட்டைப் பார்க்க ஒரு கண்காணிப்பாளர். நான் எழுதிய தணிக்கைத் தடைகளே (ஆட்சேபக் குறிப்புகளே) எத்தனையோ பதிவேடுகளைப் பெற்றெடுத்திருக்கும்.

குறைக்க முடிந்ததும் உண்டு. சான்றிதழ் நகலில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டாம், சுயசான்று போதும் என்று 2014இல் மத்திய அரசு சொன்னது. ஒருவருக்கும் வேலை போகவில்லை, ஒரு பணியிடமும் ரத்தாகவில்லை. பச்சை மைக்காக அலைந்த அலைச்சல் மட்டும் நின்றது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வும் கிடையாது. இந்த மாதிரிச் சீர்திருத்தத்தைச் செய்தவருக்குச் செய்தித்தாளில் தலைப்பு வராது. அதனால்தான் குறைவாக நடக்கிறது.

கோட்டையூர் வாசகர்: கடைசியாக ஒன்று. சொத்து வரி கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். எங்கே சொல்வது?

மாநகராட்சி ஆணையருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வரிவிதிப்பு எண், கட்டடத்தின் சதுர அடி, பழைய ரசீது நகல் மூன்றையும் இணையுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.